முதலில் நத்தை, அப்புறம் மீன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் பட்டாணி பஃபர் என்ற குட்டி நன்னீர் மீனைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களும் குரல் பதிவுகளும் இந்த மாதப் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. ரோஜாச் செடி, முயல், மாடித் தோட்டக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

டீச்சர், ஆபீஸ் மேசையில் வைக்க ஒரு உருண்டைக் கண்ணாடி ஜாடியும் ஆறு பட்டாணி பஃபரும் வாங்கலாம் என்று இருக்கிறேன். விரல் நுனி அளவு மீனுக்கு ஜாடி தாராளம் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?
வங்கி ஊழியர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

ஜாடி வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மீன் சின்னதுதான். முழுசாக வளர்ந்தாலும் பெரும்பாலும் இரண்டரை சென்டிமீட்டர், அதிகம் போனால் மூன்றரை. ஆனால் எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்பதை மீனின் நீளத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. இது புழு, பூச்சி, நத்தை என்று உயிருள்ளதை அடித்துத் தின்னும் மீன். தின்னும்போது சிதறடிக்கும், மிச்சம் வைக்கும், அந்த மிச்சம் தண்ணீரில் அழுகும். நான்கு லிட்டர் ஜாடியில் ஒருவேளைத் தீனியின் மிச்சமே தண்ணீரைக் கெடுத்துவிடும். அப்புறம் இது தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே மற்ற மீனை வரவிடாது. ஜாடியில் ஆறு மீன் போட்டால் பலவீனமானது ஓடி ஒளிய ஒரு மூலை கூட இருக்காது, ஜாடிக்குத்தான் மூலையே இல்லையே.

ஒரே ஒரு மீன் என்றால் குறைந்தது 20 லிட்டர். நான் சொல்வது ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரத் தொட்டி. கணக்குப் போட்டால் 40 லிட்டர் வரும், மணலும் செடியும் போனால் 35 நிற்கும். அதில் ஒரு மீன் ராஜாவாக வாழும். ஆறு வேண்டும் என்று ஆசை இருந்தால் இரண்டரை அடித் தொட்டிக்குக் கீழே யோசிக்காதீர்கள். ஆபீஸ் மேசையை விட்டுவிடுங்கள். சனி, ஞாயிறு ஏசி நின்று, ஜன்னல் அடைத்து, தீனி போட ஆள் இல்லாமல் கிடக்கும் இடம் அது. வீட்டு ஹாலில், வெயில் நேராக விழாத சுவர் ஓரத்தில் வையுங்கள்.

தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்கக் கூடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அது அளவோடு இருந்தால் பாதகமில்லை. இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும். நம் ஊர் வெப்பத்தில் கொஞ்சம் சீக்கிரமே நடக்கும், ஆனாலும் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலித் தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிட்டால் அம்மோனியா கிடைத்து பாக்டீரியா பெருகும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டும் வரை பொறுங்கள். இந்த மீனால் கொஞ்சம் அம்மோனியாவைக் கூடத் தாங்க முடியாது.

ஃபில்டருக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்சு போதும். வேகமாகத் தண்ணீரைத் தள்ளும் மோட்டார் வேண்டாம், இது மெதுவாக நீந்துகிற மீன். செடிகளை மட்டும் அடர்த்தியாக வையுங்கள். ஜாவா மாஸ், ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா எல்லாம் விலை குறைந்தவை, நம் வெப்பத்தையும் தாங்கும். வீட்டு மணி பிளாண்ட்டின் வேரைத் தொட்டிக்குள் விட்டால் நைட்ரேட்டை உறிஞ்சும். இலை மட்டும் வெளியே இருக்கட்டும். ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை தெரியக் கூடாது, அவ்வளவு செடி.

இந்த ஒரு மாதத்தை வீணாகக் காத்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தீனி பற்றிய பதிலில் எழுதியிருக்கிறேன், அதைப் படிக்காமல் மீன் வாங்கப் போகாதீர்கள்.

பஃபர் மீனுக்கு உப்புத் தண்ணீர்தான் வேண்டும் என்று யூடியூபில் பார்த்தேன். எங்கள் வீட்டு போர் தண்ணீர் ஏற்கெனவே உப்புக் கரிக்கும். அப்படியே ஊற்றினால் சரியாக இருக்குமா?
இல்லத்தரசி, தேவனாம்பட்டினம், கடலூர்

சரியாக இருக்காதும்மா. நீங்கள் பார்த்தது வேறு மீனாக இருக்கும். பச்சை உடம்பில் கருப்புப் புள்ளி போட்ட பஃபர் ஒன்று கடைகளில் வருகிறது, அது கழிமுகத்தில் வாழும் மீன், வளர வளர அதற்கு உப்பு வேண்டும். உங்கள் ஊர் வலையில் சிக்கி, கரையில் உப்பிக் கிடக்கும் பேத்தை முழுக் கடல் மீன். பட்டாணி பஃபரும் அதே பேத்தைக் குடும்பம்தான், ஆனால் பிறந்து சாகும் வரை நன்னீரிலேயே வாழும் வகை. கேரளத்தின் பம்பை, சாலக்குடி, பாரதப்புழை போன்ற ஆறுகளிலும் அவற்றை ஒட்டிய நீர்நிலைகளிலும், கொஞ்சம் தென் கர்நாடகத்திலும் மட்டும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை பெய்து ஓடி வரும் மென்மையான தண்ணீர் அது. கல்லுப்பு, கடல் உப்பு எதுவும் போட வேண்டாம்.

கடலூர், புதுச்சேரி இரண்டிலும் கரையோரத் தெருக்களில் நிலத்தடி நீருக்குள் கடல் நீர் ஏறியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். சோப்பு நுரைக்காத தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் தண்ணீர். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பேனா அளவுக் கருவிதான். நான் இருக்கும் புதுப்பாளையத்தில் போர் தண்ணீரையும் மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீரையும் கலந்து மீட்டரில் 200, 250 பிபிஎம் சுற்றி வருமாறு வைத்துக்கொள்கிறேன். மழைத் தண்ணீர் இல்லாத மாதங்களில் ஆர்ஓ தண்ணீரைக் கலக்கிறேன். வெறும் ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். அதில் தாது உப்பே இருக்காது, பிஎச் ஒரு நிலையில் நிற்காது, நத்தையின் ஓடும் கரைந்து மெலியும். மழைத் தண்ணீர் பிடிக்கும்போது முதல் மழையை விட்டுவிடுங்கள், மாடித் தூசி எல்லாம் அதில்தான் வரும்.

நகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தாலும் போகும், சோடியம் தயோசல்பேட் சொட்டு விட்டாலும் போகும். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். குளோரின் பட்டால் மாதக் கணக்கில் வளர்த்த பாக்டீரியா போய்விடும்.

கீழே விழுந்து காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைக் கழுவித் தொட்டியில் போடலாம். தண்ணீர் லேசான தேநீர் நிறத்துக்கு வரும். மீனுக்கு நல்லது, அது ஒளிந்து விளையாடவும் ஓர் இடம் ஆயிற்று.

நான்கு மீன் வாங்கினேன். கடையில் கொடுத்த குருணைத் தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு செத்துவிட்டன. மீதி இரண்டும் வயிறு ஒட்டிக் கிடக்கின்றன. பசித்தால் தானாகத் தின்னும் என்கிறார்கள். என்ன செய்வது?
வாசகர், வில்லியனூர்

வந்த கடிதங்களில் பாதி இந்தக் கேள்விதான். படிக்கப் படிக்க மனம் பதறியது. பசித்தால் தின்னும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலான பட்டாணி பஃபர் குருணையைத் தீனியாகவே பார்க்காது. அசைகிறதைப் பார்த்து, பக்கத்தில் போய், ஒரு நொடி நிதானித்து, கொத்தித் தின்பதுதான் அதன் பிறவிக் குணம். அசையாத குருணையின் மேலேயே பட்டினி கிடந்து சாகும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: வளர்ப்பு மீன் கடையில் உறையவைத்த ரத்தப்புழுக் கட்டி கிடைக்கும். ஒரு துண்டை உடைத்துத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, மருந்து விடும் சொட்டுக்குழாயால் மீனின் முகத்துக்கு முன்னால் மெதுவாக விடுங்கள். புழு மிதந்து கீழே இறங்கும் அந்த அசைவு போதும், கொத்தும். காலை, மாலை இரண்டு வேளை. வயிறு லேசாக உருண்டால் நிறுத்திவிடுங்கள், மிச்சத்தை அதே சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுங்கள். ரத்தப்புழு சிலருக்குத் தோல் அரிப்பும் தும்மலும் கொடுக்கும், அதனால் கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள்.

நன்றாகத் தின்றும் வயிறு உள்வாங்கியே இருந்தால் குடற்புழுவாக இருக்கலாம். இந்த மீன்களில் பெரும்பாலானவை ஆற்றில் பிடித்தவை, குடற்புழுவோடுதான் வரும். பிராசிக்வான்டல், லெவாமிசோல் என்று மருந்துகள் உண்டு. தண்ணீரின் அளவுக்கு மருந்தின் அளவைக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவரிடம் கேட்டுப் போடுங்கள். குத்துமதிப்பாகப் போடக் கூடாது.

இனி நிரந்தரத் தீனி. லாஸ்பேட்டை வாசகருக்கு நான் சொன்ன வேலை இதுதான். மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே நத்தை வளர்க்கத் தொடங்க வேண்டும். முதலில் நத்தை, அப்புறம்தான் மீன். என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன். நத்தை பெருகாத வீட்டுக்கு பஃபர் போகக் கூடாது.

நத்தையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கடையில் செடி வாங்கினால் இலையின் அடியில் கண்ணாடி மாதிரிப் பசையாக முட்டை ஒட்டியிருக்கும், அதிலிருந்தே வந்துவிடும். மெல்லிய ஓடுள்ள சின்னக் குளத்து நத்தையும், தட்டையாகச் சுருண்ட நத்தையும் நல்லவை. ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர், கொஞ்சம் ஹைட்ரில்லா, வாரம் இரண்டு முறை வெந்த கீரைத் தண்டோ வெள்ளரிக்காய்த் துண்டோ போடுங்கள். துண்டு கரைவதற்குள் எடுத்துவிடுங்கள். ஓடு கெட்டியாக வர ஒரு முட்டை ஓட்டைக் கழுவி நொறுக்கிப் போடலாம். சில வாரங்களில் டப்பாச் சுவர் முழுக்க மிளகு அளவில் குட்டி நத்தைகள் ஏறும். அந்த அளவுதான் மீனுக்குச் சரி. கூம்பாக நீண்டு, மணலுக்குள் புதையும் நத்தை ஒன்று இருக்கிறது, அதன் ஓடு ரொம்பக் கெட்டி, பல்லை உடைக்கும். அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வில்லியனூரில் வயல் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வாய்க்காலிலிருந்து நத்தையை அப்படியே அள்ளி வந்து தொட்டியில் போடாதீர்கள். பூச்சிமருந்து அடித்த தண்ணீர், கூடவே ஒட்டுண்ணி. வேறு வழியே இல்லை என்றால் அந்த நத்தையைத் தனி டப்பாவில் முட்டையிட வைத்து, அங்கே பிறந்து வளர்ந்த அடுத்த தலைமுறையை மட்டும் மீனுக்குக் கொடுங்கள்.

நத்தை பல்லுக்கும் வேலை கொடுக்கிறது. பஃபருக்கு நான்கு பற்கள் ஒன்றாய் இணைந்து அலகு போல இருக்கும், அது வளர்ந்துகொண்டே இருக்கும். பெரிய பஃபர்களில் பல் வளர்ந்து வாயை மூட முடியாமல் போவது உண்டு. இந்தக் குட்டி மீனில் அது குறைவு, ஆனாலும் ஓட்டைக் கடிக்கக் கடிக்கத் தேய்வது நல்லதுதான். தீனி போடும் நேரத்தில் காது கொடுத்துக் கேட்டால் ஓடு நொறுங்கும் சத்தம் கண்ணாடி வழியாக மெல்லக் கேட்கும்.

நத்தை மட்டும் போதாது. மாற்றி மாற்றிக் கொடுக்க மொய்னா என்ற பொடி நீர்த்தெள்ளை வளருங்கள். பாசி படர்ந்த பச்சைத் தண்ணீர் ஒரு டப்பில் வைத்து, கடையில் ஒரு கோப்பை மொய்னா வாங்கி விட்டு, ஒரு சிட்டிகை ஈஸ்டைக் கரைத்து, தண்ணீர் லேசாக மங்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். தெளிந்த பிறகு மறுபடி கொஞ்சம். டப்பின் மேல் கொசுவலைத் துணியைக் கட்டியே ஆக வேண்டும்.

கொசுப்புழு அருமையான தீனிதானே, வாளியில் வளர்க்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அருமையான தீனிதான், மீன் பாய்ந்து பாய்ந்து தின்னும். ஆனால் வீட்டில் வாளி வைத்து வளர்க்காதீர்கள். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் புழு கொசுவாகப் பறந்துவிடும். நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போனால் தெருவே படுத்துவிடும். எங்காவது தேங்கிய சுத்தமான தண்ணீரில் தானாக வந்த புழுவைக் கண்டால் வலையால் அள்ளி, அலசி, மீனுக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

டியூபிஃபெக்ஸ் புழு கடைகளில் உருண்டையாகக் கிடைக்கும். சாக்கடைச் சேற்றில் எடுப்பது அது. நான் கொடுப்பதில்லை.

கப்பி மீன் தொட்டியில் இரண்டு பட்டாணி பஃபரை விட்டேன். ஒரு வாரத்தில் ஆண் கப்பி ஒன்றுக்கும் வால் இல்லை. சண்டை போடாத வேறு மீன் எது?
ஐடிஐ மாணவர், நெல்லிக்குப்பம்

தம்பி, முதலில் இரண்டு பஃபரையும் தனித் தொட்டிக்கு மாற்று. கப்பி மீனின் வால் மெதுவாக அசைகிறது, துணி போல விரிகிறது, பஃபர் அதைத் தீனி என்றே நினைத்துக் கடிக்கும். ஃபைட்டர், ஏஞ்சல், தங்கமீன் எதுவும் கூடாது. குட்டி இறால் விட்டால் அதுவும் தீனிதான். ஓட்டோசின்க்லஸ் என்று கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் மீனைச் சிலர் சேர்த்து வளர்க்கிறார்கள், பெரிய தொட்டியில் சில சமயம் ஒத்துப்போகும். என் கருத்தைக் கேட்டால் இது தனித் தொட்டி மீன். கப்பிகளுக்கு நல்ல தண்ணீர் கொடு, வால் திரும்ப முளைத்துவிடும்.

என் தொட்டியில் ஆறு இருக்கின்றன. அதில் ஒன்று எந்நேரமும் கருத்துப் போய் ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இன்னொன்று கண்ணாடியை ஒட்டி மேலும் கீழுமாக நீந்திக்கொண்டே இருக்கிறது. ஆண், பெண் எப்படிப் பிரிப்பது?
முந்திரி வியாபாரி, பண்ருட்டி

ஒளிந்திருப்பது அடி வாங்கும் மீன். அதை இன்றே வேறு தொட்டிக்கு மாற்றி வயிறு நிறையத் தீனி கொடுங்கள். பொதுவாக இரண்டு ஆண்கள் ஒரே இடத்துக்குப் போட்டி போடுவதால் வருகிற வினை இது. வளர்ந்த ஆணுக்கு வயிற்றின் நடுவே நீளமாக ஒரு கருங்கோடு ஓடும், கண்ணுக்குப் பின்னால் சுருக்கம் போல வரிகள் தெரியும், உடம்பு ஒட்டி இருக்கும். பெண் உருண்டையாக இருக்கும், வயிற்றில் கோடு இருக்காது. கடையில் இருக்கும் குட்டிகளில் இந்த அடையாளம் எதுவும் தெரியாது, அதனால் ஆறு வாங்கினால் எத்தனை ஆண் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கு அமைதியைத் தரும். கூடுதல் ஆணைத் தனியாக வைக்க இரண்டாவது தொட்டிக்கு இடமும் பணமும் இருந்தால்தான் கூட்டமாக வளர்க்க வேண்டும்.

கண்ணாடியில் மேலும் கீழும் நீந்துவது, வந்த முதல் சில நாட்களில் எல்லா பஃபரும் செய்யும். பழகிய பிறகும் தொடர்ந்தால் முதலில் அம்மோனியா, நைட்ரைட் பாருங்கள். அது சரியாக இருந்தால் செடி போதவில்லை, அல்லது தன் பிம்பத்தையே எதிரி என்று விரட்டுகிறது. கண்ணாடியின் பின்பக்கம் கருப்புத் தாள் ஒட்டிப் பாருங்கள். செடிகளை இடம் மாற்றி வைத்தால் எல்லா மீனும் எல்லையைப் புதிதாக வகுக்க வேண்டியிருக்கும், சண்டை கொஞ்ச நாள் தணியும்.

டீச்சர், இந்த மீன் ஒரு கண்ணால் என்னையும் இன்னொரு கண்ணால் நத்தையையும் பார்க்கிறது! இது பலூன் மாதிரி உப்புமா? குச்சியால் தொட்டால் உப்பும் என்று அண்ணன் சொல்கிறான்.
ஏழாம் வகுப்பு மாணவன், அரியாங்குப்பம்

நன்றாகப் பார்த்திருக்கிறாய் தம்பி. இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சுழற்ற அதனால் முடியும், பச்சோந்தியைப் போல. இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும்போது மட்டும் இரண்டையும் முன்னால் திருப்பும். அந்த நேரம் வாலைக் கொஞ்சம் வளைத்து, ஒரே இடத்தில் நிற்கும். அடுத்த முறை கவனி.

உப்பும். ஆபத்து வந்தால் தண்ணீரை மடமடவென்று விழுங்கி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். பஃபர் மீன்களுக்கு விலா எலும்பு கிடையாது, அதனால்தான் உடம்பு அப்படி விரிகிறது. ஆனால் அது உயிர் பயத்தில் செய்கிற காரியம், செய்து முடித்ததும் ரொம்பக் களைத்துப்போகும். தண்ணீருக்கு வெளியே எடுத்தால் தண்ணீருக்குப் பதில் காற்றை விழுங்கிவிடும், அது சுலபமாக வெளியேறாது, செத்தே போகலாம். அதனால் குச்சி வேண்டாம் என்று அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல். மீனை மாற்றும்போதும் வலையால் தூக்காதே, ஒரு டம்ளரைத் தண்ணீருக்குள்ளேயே நுழைத்துத் தண்ணீரோடு சேர்த்து எடு.

சும்மா கூட நீ நிறையப் பார்க்கலாம். தீனி நேரத்துக்கு நீ வந்தால் அதுவே முன்னால் வந்து நிற்கும். பார்த்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுது. எனக்கும் அனுப்பு, ஆசையாகப் படிப்பேன்.

காட்டு மீனைப் பிடித்து விற்பது பாவம் இல்லையா? இதை வீட்டில் குஞ்சு பொரிக்க வைக்க முடியுமா?
விலங்கியல் மாணவி, முத்தியால்பேட்டை

இந்த மீனை முதன்முதலில் அறிவியலுக்கு விவரித்தவர்கள் சுந்தர் லால் ஹோராவும் கே. கே. நாயரும், 1941இல், பம்பை ஆற்று மீனை வைத்து. திருவிதாங்கூரின் பெயர்தான் அதன் அறிவியல் பெயரில் இருக்கிறது: கரினோடெட்ராவோடான் திருவாங்கோரிகஸ். இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியக்கூடிய நிலையில் உள்ள இனமாக இருக்கிறது. ஆறும் சதுப்பும் கெடுவது ஒரு காரணம், வளர்ப்பு மீன் வியாபாரத்துக்காகப் பிடிப்பது இன்னொரு காரணம். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. நமக்குப் பக்கத்து மாநிலத்து ஆற்று மீன், ஜெர்மனியிலும் ஜப்பானிலும் வளர்க்கிறார்கள், அது பிறந்த ஆற்றில் குறைந்துகொண்டே வருகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதனால்தான் வாங்குகிறவர்களிடம் இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிறேன். நன்றாக வைத்தால் நான்கைந்து ஆண்டு வாழும் உயிர், ஜாடியில் ஒரு மாதத்தில் முடிந்தால் அதற்குப் பதிலாக ஆற்றிலிருந்து இன்னொன்று வரும்.

குஞ்சு பொரிக்க வைக்க முடியும், உங்களைப் போன்றவர்கள் செய்யவும் வேண்டும். நன்றாகத் தின்று பழகிய ஓர் ஆண், இரண்டு பெண், தொட்டியில் கொத்தாக ஜாவா மாஸ், தண்ணீர் 26, 27 டிகிரி. ஆண் பெண்ணைத் துரத்தி மாஸுக்குள் ஓட்டிப் போகும், இரண்டும் சில நொடி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், அங்கேயே முட்டை விழும். ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டிய, கண்ணாடி போன்ற முட்டை. அந்த மாஸை அப்படியே எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் உள்ள சின்னத் தொட்டிக்கு மாற்றி, மெதுவாகக் காற்று விடுங்கள். நான்கைந்து நாளில் பொரிக்கும். குஞ்சின் வயிற்றில் ஒட்டியிருக்கும் கருப்பை போன்ற மஞ்சள் கரு கரைந்து அது நீந்தத் தொடங்கியதும் முதலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்த் தண்ணீர், அடுத்து அப்போதுதான் பொரித்த ஆர்ட்டிமியா என்ற பொடி உப்புநீர் இறால், அப்புறம் பொடி நத்தை. குஞ்சுகள் வளர வளர ஒன்றையொன்று கடிக்கும், அளவு பார்த்துப் பிரித்துவிடுங்கள். வீட்டில் பிறந்த மீனை நாலு பேருக்குக் கொடுத்தால் ஆற்று மீன் நாலு பிடிபடாமல் ஆற்றிலேயே இருக்கும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வளர்க்க முடியவில்லை என்றால் ஊசுட்டேரியிலோ பாகூர் ஏரியிலோ கெடிலத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். அது அந்த நீர்நிலையின் மீன் இல்லை. வாங்கிய கடையிலோ இன்னொரு வளர்ப்பவரிடமோ கொடுங்கள்.

ஃபெஞ்சல் புயலின்போது எங்கள் தெருவில் கரண்ட் போய் என் தொட்டி மீன்கள் பாதி செத்தன. வரும் மழைக்காலத்துக்கு என்ன தயார் செய்யலாம்? பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போனால் தீனிக்கு என்ன செய்வது?
ஆட்டோ ஓட்டுநர், முதலியார்பேட்டை

2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூரில் பல தெருக்களுக்கு மின்சாரம் வர நாள் கணக்கில் ஆயிற்று. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது உங்களுக்கும் அதே நிலை. நம் ஊரில் மீன் வளர்க்கிறவர்கள் அக்டோபர் பிறப்பதற்குள் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் அதற்கு மாற்று பேட்டரியும் வாங்கி வைக்க வேண்டும். ஸ்பாஞ்சு ஃபில்டர் என்றால் அதே குழாயை இதில் மாட்டினால் போதும், காற்றும் கிடைக்கும், பாக்டீரியாவும் பிழைக்கும்.

பம்ப் இல்லாவிட்டால் ஒரு டம்ளரால் தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றுங்கள், மணிக்கு ஒருமுறை சில நிமிடம். கரண்ட் இல்லாத நாட்களில் தீனி போடாதீர்கள். வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பசி தாங்கும், அழுகிய தீனியைத்தான் தாங்காது. ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிட வேண்டாம். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் பிழிந்துவிட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளே செத்த அழுக்கு முழுவதும் தொட்டிக்குள் வரும்.

பொங்கலுக்குப் போவது சுலபம். கிளம்பும் நாளில் தண்ணீர் மாற்றி, மீனுக்குப் பத்துப் பதினைந்து குட்டி நத்தைகளைத் தொட்டியில் விட்டுவிடுங்கள். அவை அழுகாது, ஊர்ந்துகொண்டே இருக்கும், பசிக்கும்போது மீன் தேடித் தின்னும். பக்கத்து வீட்டாரிடம் ரத்தப்புழுக் கட்டியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பாசத்தில் மூன்று மடங்கு போட்டுவிடுவார்கள்.